பத்தாவை விட்டு ரிமாலுக்கு: வீடு மாறுமுன் போடவேண்டிய கணக்கு

ரியாத் நகரின் பழைய நடுப்பகுதி பத்தா. மணலும் சரளையும் கிடக்கும் ஆற்றுப்படுகை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். மழை வெள்ளம் ஓடிய இடத்தில் இன்று தெரு ஓடுகிறது. மலையாளிகளுக்கு ஒரு சந்தை, பிலிப்பைன்ஸ்காரருக்கு ஒன்று, யேமன்காரருக்கு ஒன்று என்று நெருக்கியடித்துக் கிடக்கும் அந்த இடத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் நின்றால் ஊர்ச் செய்தி தானாகக் காதில் விழும். எங்களில் பலர் வந்து இறங்கியதும் அங்கேதான். இப்போது பிள்ளைகள் வளர, வெளிச்சமும் காற்றும் தேடி நகரின் கிழக்கு விளிம்புக்குப் போகலாமா என்று வீட்டுக்கு வீடு கதை நடக்கிறது. அந்த விளிம்பில் உள்ள ஒரு பகுதியின் பெயர் ரிமால். அதற்கும் மணல் என்றுதான் பொருள்.

ரியாத் வெளிப்பக்கமாக விரிவது புதிதல்ல. 1950களில் அமைச்சுகள் இங்கே மாற்றப்பட்டபோது அரச ஊழியருக்காக மலஸ் எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் கிரேக்கரான டொக்சியாடிஸின் நிறுவனம் தந்த திட்டம் நகரை இரண்டு கிலோமீற்றர்ச் சதுரங்களாக வெட்டியது. கார் உள்ளவருக்காகவே வரையப்பட்ட நகரம் அது. சவூதிக் குடும்பங்கள் வெளியேற, பழைய நடுப்பகுதியை வெளிநாட்டுத் தொழிலாளர் நிரப்பினோம்.

இனிக் கணக்கு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால், தங்கியிருப்போர் கட்டணம் ஆளுக்கு மாதம் 400 ரியால். 2017 யூலையில் 100 ரியாலாகத் தொடங்கிய கட்டணம் இது. வருடத்துக்கு 19,200. இது பத்தாவிலும் ஒன்றுதான், ரிமாலிலும் ஒன்றுதான். ஆகவே, மீதிப் பணத்தில் புறநகர் வாழ்க்கை நடக்குமா என்பதே கேள்வி. பத்தாவில் இருப்பவர் மெற்றோவின் நீலப்பாதையை நம்பலாம். முப்பது நாள் சீட்டு 140 ரியால், பேருந்துக்கும் அதுவே செல்லும். புறநகரில் நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் கார் வேண்டும். கணவன் வேலைக்கு அதை எடுத்துப்போனால், யூலை மாத 45 பாகை வெயிலில் மனைவி வீட்டுக்குள்தான். 2018 யூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டலாம் என்பது இந்தக் கணக்கில் பெரிய மாற்றம். ஆனால் அதற்கு இரண்டாவது கார் வேண்டும்.

வாடகையில் கவனிக்க ஒன்று உண்டு. 2025 செப்டெம்பர் 25 முதல் ரியாத் நகர எல்லைக்குள் ஐந்து ஆண்டுகளுக்கு வாடகை உயர்வு நிறுத்தப்பட்டிருக்கிறது. காலியான வீட்டை வாடகைக்கு விட்டாலும் முந்தைய ஒப்பந்தத் தொகைதான். ஆனால் முதன்முறை வாடகைக்கு வரும் புது வீட்டுக்கு உடன்பட்டதே விலை. புறநகரில் கட்டப்படுபவற்றில் பல அப்படிப்பட்டவை. ஆகவே, ஏற்கெனவே ஆள் இருந்த வீட்டைத் தேடுவது நல்லது. ஒப்பந்தம் இஜார் மின்தளத்தில் பதியப்படவேண்டும். தரகரின் கைத்தாளை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான விடயம், வாடகையை வருடத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை முன்கூட்டிக் கட்டும் வழக்கம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் வளைகுடாவின் ஆறு நாடுகளும் சேரவில்லை. எதைத் தப்பி வந்திருந்தாலும் இங்கே நாங்கள் தொழிலாளர்தான். வேலை போனால் இக்காமா போகும், இக்காமா போனால் வீடும் போகும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ உள்ள உறவினர் புறநகருக்கு மாறுவது வேறு, நாங்கள் மாறுவது வேறு. தவணை சிறிதாக இருந்தால் வாடகை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து. வருட வாடகையைக் கட்டிவிட்டு, பயணச்சீட்டுக்குக் கடன் கேட்கும் நிலை வரக்கூடாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மத்தியானம் போங்கள். மாலையில் எல்லா வீடும் அழகுதான். மேற்குப் பார்த்த அறைகள் எத்தனை, மேலே வேறு மாடி உண்டா, அல்லது மொட்டைமாடி நேரே தலைக்கு மேலா என்று பாருங்கள். மின்சாரம் மாதம் 6,000 அலகுவரை 18 ஹலாலா, அதற்குமேல் 30, அதன்மேல் 15 வீத வரி. கழிவுநீர்க் குழாய் வராத பகுதி என்றால் குழி நிரம்பும்போது பவுசர் கூப்பிடவேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். கோடையில் மாடித்தாங்கித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். வீட்டுக்குள் இருக்கும் சுடுநீர்த் தாங்கியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறியிருக்கும். சுடுநீர்க் குழாயைத் திறந்து குளிக்கலாம். வளைகுடாவில் பழகியவர்களுக்கு இது தெரியும், புதிதாக வருபவருக்குத்தான் சொல்கிறோம்.

கணக்கில் ஏறாத ஒன்றும் உண்டு. சம்பளம் வராத மாதத்தில் அரிசி கடன் தருபவர், வேலை காலியாக இருப்பதை முதலில் அறிபவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவர், எல்லாரும் பத்தாவில் இரண்டு சந்துக்குள் இருக்கிறார்கள். ரிமாலில் மதில் உயரம், பக்கத்து வீட்டார் முகம் தெரியாது. ஆதலால் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே கட்டடத்திலோ ஒரே தெருவிலோ வீடு எடுப்பது புத்தி. பள்ளிக்கூடப் பயணத்துக்கு ஒரு கார் போதும், வெள்ளிக்கிழமைச் சமையலும் தனிமையாக இராது.

மாறுவதென்று முடிவு செய்தால், ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன்னரே வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள். இல்லையேல் அது தானாகப் புதுப்பிக்கப்படும். பழைய மின்மானியை உங்கள் பெயரிலிருந்து நீக்கி, தேசிய முகவரியையும் மாற்றிவிடுங்கள்.