வீடு மாறும் விருந்து

ஒரே இரவு விருந்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வெவ்வேறு வீட்டில் உண்ணும்படி, விருந்தினர்கள் வீட்டுக்கு வீடு சென்று பங்கேற்கும் கூட்டு விருந்தே வீடு மாறும் விருந்து எனப்படும். இது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் புரோகிரசிவ் டின்னர் என்றும், இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் சஃபாரி சப்பர் என்றும், ஜெர்மனியில் ரன்னிங் டின்னர் என்றும், விருந்தினர் மிதிவண்டியில் செல்லும் சுவீடனில் சிக்கெல்ஃபெஸ்ட், அதாவது மிதிவண்டி விருந்து என்றும் வழங்குகிறது.

மேலைநாட்டு விருந்தில் தொடக்க உணவு, முதன்மை உணவு, இறுதி இனிப்பு ஆகியவை இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படுவதே இம்முறைக்கு அடிப்படை. பல பண்டங்களை ஒருசேர மேசையில் பரப்பி வைத்த பழைய வழக்கம் போய், அவற்றை வரிசையாகக் கொண்டுவரும் வழக்கம், அதாவது ரஷ்ய முறை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய பிறகே விருந்தை இவ்வாறு பிரிக்க வழி பிறந்தது எனலாம். சோறும் குழம்பும் பொரியலும் பாயசமும் ஒரே இலையில் கூடும் விருந்தை மூன்று தெருக்களுக்குப் பங்கிட இயலாது.

இதன் எளிய வகையில் கூட்டம் பிரியாமல் அனைவரும் ஒன்றாகவே அடுத்த வீட்டுக்குச் செல்வர். அமெரிக்காவில் தேவாலய இளைஞர் குழுக்களும், கிறிஸ்துமஸ் காலத்தில் அண்டை வீட்டாரும் இவ்வாறு கூடுவதுண்டு. இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலயக் கூரையைப் பழுதுபார்ப்பது போன்ற ஊர்ச் செலவுகளுக்குக் கட்டணம் வைத்து இதை நடத்துகின்றனர். ஆள் பெருகினால் ஒரு வீட்டுக் கூடம் கொள்ளாது என்பதே இவ்வகையின் எல்லை.

ஜெர்மன் பல்கலைக்கழக நகரங்களில் வேரூன்றிய இரண்டாம் வகை இந்த எல்லையைக் கணக்கால் கடக்கிறது. இருவர் கொண்ட ஒவ்வோர் அணியும் ஒரு கட்டத்தை மட்டும் தன் வீட்டில் சமைத்து வேறு இரண்டு அணிகளுக்கு விருந்தளிக்கும். மற்ற இரண்டு கட்டங்களுக்கு அது விருந்தாளியாகச் செல்லும். எந்த இரு அணிகளும் இருமுறை ஒன்றாக அமரக் கூடாது. இதற்கு ஒன்பது அணிகள், அதாவது 18 பேர் போதும். 1 முதல் 9 வரையிலான எண்களை மூன்று வரிசைகளாக ஒரு சதுரத்தில் எழுதி, தொடக்க உணவுக்குக் கிடைவரிசையில் உள்ள அணிகளையும், முதன்மை உணவுக்கு நெடுவரிசையில் உள்ள அணிகளையும், இனிப்புக்கு 1-6-8, 2-4-9, 3-5-7 எனக் குறுக்காகச் சேரும் அணிகளையும் ஒன்றுகூட்டினால் யாரும் மறுமுறை சந்திப்பதில்லை. தொடக்க உணவை 1, 5, 9 ஆகிய அணிகளும், முதன்மை உணவை 4, 8, 3 ஆகியவையும், இனிப்பை 6, 2, 7 ஆகியவையும் சமைக்க வேண்டும். இந்த அமைப்பில் ஓரணி ஆறு அணிகளுடன் உண்கிறது. தன்னைப் போல அதே கட்டத்தைச் சமைத்த இரண்டு அணிகளை மட்டும் அது காண்பதே இல்லை. விருந்துக்குப் பிறகு அனைவரையும் ஒரு மதுக்கூடத்திலோ பொது மண்டபத்திலோ கூட்டும் வழக்கம் இக்குறையை ஓரளவு போக்குகிறது.

சமையல் சுமை மூன்று கட்டத்தாருக்கும் ஒன்றன்று. தொடக்க உணவைச் சமைப்போர் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பலாம். இனிப்புக்குரியோர் முந்தைய நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். முதன்மை உணவுக்குரியோரோ வேறொரு வீட்டில் உண்டுவிட்டு, விருந்தினர் வந்து சேர்வதற்குள் தம் வீட்டுக்கு விரைந்து சூடாகப் பரிமாற வேண்டியிருப்பதால், பொரித்ததை விடுத்து, மெல்லிய சூட்டில் காத்திருக்கக்கூடிய அடுப்பு வேக்காட்டுப் பண்டங்களையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. அடுத்த வீட்டின் முகவரியை மூடிய உறையில் கொடுத்து உண்டு முடித்த பின்னரே பிரிக்கச் செய்யும் இடங்களும் உண்டு. எனினும் சைவ உணவினர், ஒவ்வாமை உடையோர் பற்றிய விவரம் சமைப்போருக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். கடைசி நேரத்தில் ஓரணி விலகினால் அதன் வீட்டுக்கு வரவிருந்த இரண்டு அணிகள் அந்தக் கட்டத்தில் பட்டினி கிடக்க நேரும் என்பதால், அழைத்தால் உடனே வரக்கூடிய மாற்று அணி ஒன்றை அமைப்பாளர்கள் கையில் வைத்திருப்பது நல்லது.

எவரும் முழு விருந்தையும் தனியே சமைக்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரும் வசதி. ஆனால் ஆறு பேரை அமரவைக்க வீட்டில் இடமில்லாதோரையும், மாடிப்படி ஏற முடியாதோரையும், கைக்குழந்தையுடன் இருப்போரையும் இது எளிதில் விலக்கிவிடுகிறது. அவர்களை ஒரே வீட்டில் இருத்தி மற்றவர்களை மட்டும் நகரச் செய்தால், மேலே கண்ட கணக்கு குலைந்துவிடும்.