ஆனந்த தேவியின் தீமிதி: தோட்டம், மொழி, பெண்

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் மாரியம்மன் திருவிழா என்றால் பூக்குண்டம்தான் பேச்சு. யார் இறங்கினார்கள், யாருக்குக் கால் சுட்டது, ஏன் சுட்டது? விரதத்தில் குறையாம். குறை என்றாலே அது பொம்பளை மேல்தான் விழும். மொரீஷியஸின் ஆனந்த தேவி 1993இல் பிரெஞ்சில் எழுதிய ‘திரௌபதியின் முக்காடு’ நாவலை இந்தப் பேச்சின் வழியாகவே அணுகத் தோன்றுகிறது. பிள்ளை நோயில் கிடக்கிறது. தாய் தீ மிதிக்க வேண்டுமென்று கணவன் நெருக்குகிறான். கடல் தாண்டிப் போன தீயும் பெண்ணின் காலைத்தான் கேட்கிறது.

அது கூலிகளோடு போன தீ. 1810இல் மொரீஷியஸைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த பிரிட்டிஷார், அங்கிருந்த முதலாளிகளின் சட்டத்தையும் மொழியையும் தொடவில்லை. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அடிமைகளின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1834 முதல் 1920 வரை வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் இந்தியர். நீலகிரிக்குக் கப்பல் தேவைப்படவில்லை, மேஸ்திரியின் முன்பணம் போதுமானதாக இருந்தது. வாங்கியவன் ஓடினால் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்பும். கரும்போ தேயிலையோ, வரலாறு ஒன்றுதான்.

தெலுங்கு வம்சாவளியில் 1957இல் பிறந்த ஆனந்த தேவி லண்டனில் மானிடவியல் படித்தவர். பின்னர் பிரான்சில் குடியேறியவர். 1977இல் முதல் சிறுகதைத் தொகுப்பு. அதன்பின் நாவல், கவிதை, கதையென்று இடைவிடாத எழுத்து. ‘பக்லி’ (2001) குடும்ப மானத்தின் காவலர்களாகப் பெண்களே நிற்பதைக் காட்டுகிறது. ‘பச்சைச் சேலை’ (2009) வீட்டுப் பெண்களை வதைத்த, சாகக் கிடக்கும் டாக்டர் ஒருவனின் வாய்வழியே நகர்கிறது. 2024இல் அவருக்கு நியூஸ்டாட் பரிசு கிடைத்தது.

‘புலம்பெயர் இந்திய எழுத்து’ என்று இவரை மடக்கி வைத்துவிடுவது சுலபம். ஆனால் இவருடைய பிரதிகளில் தாய்நாட்டு ஏக்கம் மையமில்லை. கூலி பட்ட துயரத்தைக் காட்டி, அவன் தன் வீட்டுக்குள் நடத்திய வன்முறைக்கு மன்னிப்பு வழங்க இவர் மறுக்கிறார். பண்பாட்டைக் காப்பது என்பது நடைமுறையில் பெண்ணுடலைக் காவல் காப்பதாகவே முடிந்தது என்கிறார். அதேசமயம், எழுதுவது முதலாளிகள் விட்டுப்போன மொழியில். கிரியோல் அதற்குள் புகுந்து குறுக்கிட்டாலும், கரும்பு வெட்டியவர்கள் எத்தனை பேருக்கு இந்தப் புத்தகம் எட்டும்? இந்த முரணை நாம் மழுப்ப வேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம். ஆனைமலைத் தோட்டங்களின் கொடுமையை பி.எச். டேனியல் என்ற டாக்டர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார். அது ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. துரையின் பூட்ஸ் காலை அதில் பார்த்தோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இரண்டு முறை இடம் பெயர்க்கப்பட்ட அந்தச் சனங்களின் கூலி, குடியுரிமை, வீடு பற்றிப் போராட்ட எழுத்து பேசியிருக்கிறது, பேசவும் வேண்டும். ஆனால் லைன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பதைப் பேசினால் ‘ஒற்றுமை கெடும்’ என்கிறோம். குண்டத்தில் இறங்கும் அந்தப் பெண்ணிடமும் இதைத்தானே சொல்கிறார்கள், வாயைத் திறக்காமல் நட என்று?