கோடியும் கரையும்

ஆடையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் நான்கினை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. தறியினின்று வெட்டி எடுக்கப்படுவதால் வேட்டி என்றாயிற்று என்பர் சொல்லாய்வாளர் சிலர். வடசொல்லினின்று பிறந்தது எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், தைக்காது, தறியிலிருந்து அறுத்தெடுத்தவாறே உடுப்பது நம் முன்னோர் வழக்கம் என்பதில் ஐயமில்லை. துணி வணிகரே புலவராகவும் திகழ்ந்ததற்கு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் சான்று. உலகாளும் வேந்தனாயினும் காட்டில் திரியும் வேடனாயினும் உடுப்பன இரண்டே எனப் புறநானூற்றில் நக்கீரர் உணர்த்துகிறார். அவ்விரண்டினை இன்றைய வழக்கில் வேட்டியும் துண்டும் எனலாம்.

நிற்க. நாம் பிறந்தது பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில். சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் கொச்சி மன்னராட்சியில் இருந்தது; 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்பிலும், 1956 நவம்பர் முதல் நாளன்று கேரள மாநிலத்திலும் அடங்கிற்று. ஆட்சிகள் மாறின, வீட்டு மொழி மாறவில்லை. கேரளத்தில் அரிதாகிய கரிசல் மண் இப்பகுதியில் உண்டு. அம்மண்ணில் பருத்தி விளைந்தது. கிழக்கே, 1888-இலேயே நூற்பாலை கண்ட கோவை. மேற்கே, பாரதப்புழையும் காயத்திரிப்புழையும் கூடுமிடத்தில் குத்தாம்புள்ளி என்னும் நெசவூர். அங்குள்ள தேவாங்க நெசவாளர்தம் முன்னோரை மைசூர்ப் பகுதியிலிருந்து கொச்சி அரச குடும்பத்தினர் அழைத்துவந்து குடியமர்த்தினர் என்பது மரபுச் செய்தி.

இவ்விரு திசைத் துணியும் நம் ஊர் விழாக்களில் சந்திக்கும். கிழக்கிலிருந்து வருவது வெளுத்த வெண்மையும் வண்ணக் கரையும் உடைய வேட்டி. மேற்கிலிருந்து வருவது வெளுக்காத நூலின் மங்கிய நிறமும் கசவுக் கரையும் உடைய முண்டு. நாலு முழம் ஒற்றை, எட்டு முழம் இரட்டை என்னும் கணக்கு நமக்குப் பழகியது. மடித்துக் கட்டியவர் பெரியோரைக் கண்டதும் அவிழ்த்து இறக்கிவிடும் மரியாதை இருபாலார்க்கும் பொது. கரை ஒன்றே வேறு.

சொல்லிலும் இவ்வுறவு உண்டு. புத்தாடைக்குக் கோடி என்பது பழந்தமிழ்ப் பெயர். திருமணக் கனவில் தாம் உடுத்தப்பெறும் ஆடையை ஆண்டாள் மந்திரக்கோடி என்கிறார். இன்றோ, தமிழகத்தின் பல ஊர்களில் கோடி என்றவுடன் இழவு வீடே நினைவுக்கு வருகிறது. எல்லைக்கு மேற்கே அச்சொல் மங்கலம் குன்றாது வாழ்கிறது. திருவோணத்திற்கு மூத்தோர் அளிக்கும் புத்தாடை ஓணக்கோடி; சிரியன் கிறித்தவர் திருமணத்தில் மணமகன் மணமகளுக்கு அளிக்கும் புடவை இன்றும் மந்திரகோடியே. அயல்வீட்டார் தரும் ஓணக்கோடியை ஆவணியில் உடுத்தியவர், முனையில் மஞ்சள் தடவிய புதுவேட்டியைத் தைப்பொங்கலன்று உடுத்துவர். நாம் நழுவவிட்ட பொருளை அண்டை வீட்டார் காத்து வைத்திருந்தனர் என்பதை எல்லையில் வாழ்வோரே எளிதில் அறிவர்.

ஆயினும், நழுவவிடும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. அண்மையில் நம் தமையனார் மகனுக்கு ஊரில் திருமணம். வட இந்திய நகரில் நம்மோடு தங்கிப் படித்தவன். தாய்மாமன் கொணர்ந்த எட்டு முழ வேட்டியைக் கையில் ஏந்தியவாறு, உடுத்தத் தெரியாமல் அறையில் நின்றான். உருமால் கட்டும் சீருக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் தாமே கொசுவி உடுத்திவிட்டு, “பயப்படாதே கண்ணு, நாலு நாள் கட்டுனா இடுப்புல தானா நிக்கும்” என்றார். அவன் சிரித்துவிட்டான். நமக்குத்தான் நாணமாயிற்று. இருபதாண்டுகளாகக் கால்சட்டையுடன் அலுவலகம் சென்று மீண்ட நாம், ஒரு பொங்கலன்றேனும் அவனை அருகழைத்துக் கற்பித்தோமில்லை.

வேட்டிக்குச் சட்டக் காவலும் உண்டு. 2014 ஜூலையில், சென்னையில் மன்றம் ஒன்றில் நடந்த நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் இத்தகைய தடைகளை நீக்கும் சட்டம் இயற்றியது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் அதில் விதிக்கப்பெற்றன. நல்லதே. ஆனால், மன்றத்தின் கதவைத் திறக்கும் சட்டம், மடிப்பைப் பிடித்து இடுப்பில் செருகும் விரல்களுக்குப் பயிற்சி தராது. அது தந்தையிடமிருந்தும் மாமனிடமிருந்தும் வரவேண்டியது.

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களுக்கு நாம் வேண்டுவது சிறிதே. வரும் பொங்கலன்று பிள்ளைக்கு ஒரு நாலு முழ வேட்டி வாங்குங்கள். முனையில் மஞ்சள் தடவி, ‘இது உனக்குக் கோடி’ என்று சொல்லிக் கொடுங்கள். நழுவினால் நழுவட்டும், மீண்டும் கட்டிவிடுங்கள். கரை எவ்வண்ணமாயினும் ஆகுக. கட்டும் கையும் சொல்லும் நாவும் தமிழாய் இருப்பின் போதும்.