எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்

எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் (ஒவ்வொரு குழந்தையும் வெளியுலகில்) என்பது, ஐக்கிய அமெரிக்காவில் நான்காம் வகுப்பு மாணவர்கள் கூட்டரசின் பூங்காக்கள், காடுகள், நீர்நிலைகள் ஆகியவற்றுக்குக் கட்டணமின்றிச் செல்ல வழிசெய்யும் திட்டம் ஆகும். 2015 ஆம் ஆண்டில் எவ்ரி கிட் இன் எ பார்க் (ஒவ்வொரு குழந்தையும் பூங்காவில்) என்னும் பெயரில் இது தொடங்கப்பட்டது. குடும்பங்களுக்கு மட்டுமன்றி, சுற்றுச்சூழல் கல்விக்காகப் பள்ளிகள் மேற்கொள்ளும் களப்பயணங்களுக்கும் இது பயன்படுகின்றது.

வரலாறு

அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணியகம் 1916 இல் நிறுவப்பட்டது. அதன் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், 2015 பெப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா இத்திட்டத்தை அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. 2019 மார்ச் 12 இல் டோனால்ட் டிரம்ப் கையொப்பமிட்ட ஜோன் டிங்கெல் பாதுகாப்புச் சட்டம் இதற்குச் சட்ட வடிவமும் இன்றைய பெயரும் தந்தது. ஏழு ஆண்டுகளுக்கென வழங்கப்பட்ட அவ்வொப்புதலை, 2025 சனவரியில் ஜோ பைடன் கையொப்பமிட்ட எக்ஸ்ப்ளோர் சட்டம் 2031 வரை நீட்டித்தது.

அனுமதிச் சீட்டு

நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள் நான்காம் வகுப்பில் பயில்கின்றனர். ஆண்டுக்கு ஒரு வகுப்பினர் என்ற முறையில் தொடர்ந்தால், காலப்போக்கில் எல்லாக் குழந்தைகளும் ஒருமுறையேனும் இவ்வாய்ப்பைப் பெறுவர் என்பது திட்டத்தின் கருத்தாகும். சீட்டு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகத்து 31 வரை செல்லுபடியாகும். மாணவருடன் ஒரே வாகனத்தில் வருவோருக்கும், ஆள்வீதம் கட்டணம் பெறப்படும் இடங்களில் பெரியவர் மூவருக்கும் கட்டணம் இல்லை. கூடாரமிடுதல், படகுச் சவாரி போன்றவற்றுக்கான கட்டணங்கள் இதில் அடங்கா.

களப்பயணமும் பாடமும்

வகுப்பறையில் காட்ட இயலாதவற்றை நேரில் காட்டுவதே களப்பயணத்தின் நோக்கம். மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த இந்தியானா மணற்குன்றுகள் தேசியப் பூங்கா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். நீர்விளிம்பிலிருந்து உள்நோக்கி நடக்கும் மாணவர்கள் முதலில் வெறும் மணலையும், பின்னர் மணலைப் பிடித்து நிறுத்தும் மாரம் புல்லையும், அதற்கப்பால் காட்டன்வுட் மரங்களையும், இறுதியில் ஓக் காட்டையும் காண்கின்றனர். ஏரியிலிருந்து விலக விலக நிலத்தின் வயதும் கூடுவதால், பல நூற்றாண்டு மாற்றத்தைச் சிறிது தொலைவு நடந்தே உணரலாம். தாவர வழிமுறை வளர்ச்சி எனப்படும் இந்நிகழ்வைத் தாவரவியலாளர் ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ் இக்குன்றுகளிலேயே ஆராய்ந்து 1899 இல் வெளியிட்டார்.

போக்குவரத்துச் சிக்கல்

நுழைவுக் கட்டணம் களப்பயணச் செலவில் ஒரு பகுதியே. தேசியப் பூங்காப் பணியகத்தின் 430 க்கும் மேற்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றில் அக்கட்டணமே கிடையாது. கட்டணம் உள்ள இடங்களிலும் 15 வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளோர் முன்பிருந்தே கட்டணமின்றி அனுமதிக்கப்பட்டு வந்தனர். கல்விப் பயணங்களுக்குத் தனியே கட்டண விலக்கும் உண்டு. எனவே சீட்டினால் மிகுதியும் பயன்பெறுவது சொந்த வாகனத்தில் வரும் குடும்பமாகும்.

வாகனம் இல்லாத குடும்பத்துக் குழந்தைக்குப் பள்ளிப் பயணமே பெரும்பாலும் ஒரே வழி. அப்பயணம் நிகழ்வதோ பேருந்துச் செலவைப் பள்ளியால் ஏற்க முடிவதைப் பொறுத்தது. வசதி குறைந்த பள்ளிகள் இங்கேயே தடைப்படுகின்றன. இக்குறையை நீக்கும் நோக்குடன் தேசியப் பூங்கா அறக்கட்டளை, 2011 இல் தான் தொடங்கிய ஓப்பன் அவுட்டோர்ஸ் ஃபார் கிட்ஸ் என்னும் திட்டத்தின் வழியாகப் பயணச் செலவுக்கு நிதி வழங்குகின்றது. கட்டணமில்லா அனுமதி எத்தனை குழந்தைகளுக்கு உண்மையில் பயன்படும் என்பதை இத்தகைய போக்குவரத்து உதவியே பெரிதும் தீர்மானிக்கின்றது.