எழுதினால் போதுமா?

பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்திலேயே பைதான் என்ற கணினி மொழியைப் படிக்கிறார்கள். நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி, 1991-இல் வெளியிட்ட மொழி அது. அதில் 'ஓபன்' என்றால் கோப்பு திறக்கும். 'ரைட்' என்றால் எழுதும். 'குளோஸ்' என்றால் மூடும். பதிவேட்டோடு காலம் தள்ளிய நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் எழுதியதைப் பிறகு படிக்க முடியுமா என்பது தனிக் கதை.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று 1963-இல் அமெரிக்காவில் போட்ட பட்டியலுக்கு ஆஸ்கி என்று பெயர். மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். நான் படித்த பிரெஞ்சில் தலைக்கோடு போட்ட எழுத்துகள் உண்டே, அவற்றுக்கே அதில் இடமில்லை, தமிழுக்கு ஏது? 1987-இல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக லத்தீன்-1 என்ற பட்டியல் வந்தது. கோடு போட்ட எழுத்துகள் சேர்ந்தன. ஆனால் 'ஓ'வும் 'இ'யும் ஒட்டிய பிரெஞ்சு எழுத்து விடுபட்டுப் போயிற்று. சகோதரி, இதயம் என்ற சொற்களைக்கூட அதில் பிழையின்றி எழுத வழியில்லை!

தமிழின் பாடு இன்னும் மோசம். ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியல் என்பதே யூனிகோடு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. அந்த எண்களைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துக்கு இரண்டு, நம் 'அ'வுக்கு மூன்று.

ஆகவே பைதானில் கோப்பைத் திறக்கும்போதே 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுவது நல்லது. எதுவும் சொல்லாமல் விட்டால் சில கணினிகள் தம் பழைய பட்டியலையே எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் கண்டதும் வேலை நின்றுவிடும்.

உங்கள் வீட்டிலும் தொண்ணூறுகளில் அடித்த குடும்ப வரலாறோ கவிதையோ கணினியில் கிடக்கலாம். எந்த எழுத்துரு என்பது நினைவில் இருக்கும்போதே, பேரப்பிள்ளைகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். பெயர் மறந்துவிட்டால், கோப்பு இருந்தும் படிப்பது பெரும்பாடு.