குழலை நீளமாக்கிய மனுஷன்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை

கல்யாண மண்டபத்துல யாரோ ஒரு பெரியவர் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு கத்துவார். தவிலும் நாதஸ்வரமும் பொங்கும். நாம அட்சதையைப் போட்டுட்டு பந்தியில இடம் பிடிக்க ஓடுவோம். நம்மில் பல பேருக்கு நாதஸ்வரத்தோட இருக்கிற உறவு இவ்வளவுதான். வாசிச்சவர் பேர் என்னன்னு யாரும் கேட்கிறதில்லை.

இன்னிக்கு நான் பேசப்போறவர் அந்தப் பேரைக் கேட்க வைத்தவர். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. "நாதஸ்வர சக்கரவர்த்தி"ன்னு சொன்னா உங்க தாத்தாவுக்குச் சட்டுனு புரியும்.

1898-ல் திருமருகலில் பிறந்தவர். இப்போ அது நாகப்பட்டினம் மாவட்டம். மாமா திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நேரா குழலைத்தான் எடுத்திருக்கணும், இல்லையா? ஆனா இவர் முதலில் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு. அதுவும் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் என்ற வயலின் மேதையிடம். நாதஸ்வரம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். காதுக்குள்ள ஒரு பாடகனை வைத்துக்கொண்டு குழலை ஊதியவர் அவர்.

இங்கதான் சிக்கல். அந்தக் காலத்து நாதஸ்வரம் 'திமிரி'. குட்டையான குழல், சுருதி நாலு கட்டை, அஞ்சு கட்டைன்னு உச்சத்துல இருக்கும். ஆண்கள் சாதாரணமா பாடுறது ஒண்ணு, ஒண்ணரை கட்டையில. ஏன் அவ்வளவு உச்சம்? திமிரி வாசிக்கப்பட்ட இடம் தெரு. சாமி புறப்பாடு, நாலு வீதி, கூட்டம், வேட்டுச் சத்தம். அதையெல்லாம் தாண்டி, தேருக்குப் பின்னாடி வர்றவனுக்கும் கேட்கணும். அந்த வேலைக்கு அது அருமையான கருவி. ஆனா ஒரு ராகத்தை உட்கார்ந்து, நிதானமா, குழைந்து பாடுற மாதிரி வாசிக்கணும்னா அந்தச் சுருதி காதைக் கிழிக்கும்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. பழைய குழலில் சுத்த மத்யமம், அதாவது ச-ரி-க-ம-வில் வரும் சின்ன 'ம', சரியா நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் ஒவ்வொரு தடவையும் அதைச் சரிக்கட்டணும். ராஜரத்தினம் பிள்ளையோட உயிர் ராகம் தோடி. தோடியில் வர்றது அந்தச் சுத்த மத்யமம்தான். யோசிச்சுப் பாருங்க.

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்யும் ஆசாரிகளோட ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞர். இவர் வாசிச்சுக் காட்ட, அவர் கடைந்து பார்க்க, நீளமான 'பாரி' நாதஸ்வரம் உருவாச்சு. சுருதி ரெண்டு, ரெண்டரை கட்டைக்கு இறங்கியது. மத்யமம் தன் இடத்துல நின்றது. கேட்கச் சின்ன மாற்றமாத் தெரியலாம். ஆனா குழலில் ஒரு துளையை நகர்த்தினா மற்ற துளைகளோட கணக்கும் மாறும். குழலின் உள்கூம்பு மாறும், சீவாளி மாறும், விரல் எட்டணும், மூச்சு தாங்கணும். இன்னிக்கு நீங்க எந்தக் கல்யாணத்துலயும் கேட்கிறது பெரும்பாலும் அந்தப் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. செய்தி படிச்சவங்க இருப்பீங்க. ஆசாரி பேர் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இதுல மைக்குக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒலிபெருக்கி வந்தபிறகு, கூட்டத்தைத் தாண்டி ஒலிக்கிற வேலையைக் குழல் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை. அதனால சுருதி இறங்க வழி கிடைச்சது.

சுருதி இறங்கியது. ஆள் மேலே ஏறினார். அதைத்தான் அடுத்து சொல்லணும்.

நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டோ, நடந்துகொண்டோ வாசிக்கணும். பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை கூடாது, துண்டு இடுப்பில் இருக்கணும். இசை வேளாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா பழகிப்போன வழக்கம் இது. ஒரே ராகத்தைப் பாடுற பாடகர் மேடையில் சம்மணம் போட்டு உட்காரலாம், வாசிக்கிறவர் நிற்கணும். இது சங்கீத விதி இல்லை, சாதி விதி. ராஜரத்தினம் பிள்ளை மேடை போடச் சொன்னார், உட்கார்ந்தார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். ஷெர்வானி போட்டார், கழுத்து நிறைய சங்கிலி போட்டார். திமிர் பிடித்தவர்னு பேச்சு வந்தது. நேரத்துக்கு வரமாட்டார், காசு கையில் நிற்காது, குடி, கோபம்னு அவரைப் பற்றி ஆயிரம் கதை. பல கதைகள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனா அந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறவங்க, உட்கார்ந்து வாசிக்க அவர் எவ்வளவு முரண்டு பிடிக்க வேண்டியிருந்ததுங்கிறதைச் சொல்லாம விட்டுடறாங்க. பணிவா கேட்டு யாராவது அந்த இடத்தைக் கொடுத்திருப்பாங்களா? எனக்குச் சந்தேகம்தான்.

1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடிச்சார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். சினிமா அவருக்குச் சரிப்படலை, விடுங்க.

1947 ஆகஸ்ட் 14. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து செங்கோலோடு டெல்லிக்குப் போன குழுவில், ஆதீன வித்வானான இவரும் இருந்தார். செங்கோல் அரசியலுக்குள்ள நான் இன்னிக்குப் போகலை. என் கண்ணில் பட்டது வேற. அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை அந்த நிகழ்ச்சியை எழுதியபோது, நாதஸ்வரம் என்பது ஒரு தனி வகை இந்தியப் புல்லாங்குழல்னு விளக்கம் கொடுத்தது. புல்லாங்குழலாம்! வாசித்தவர் பேர் அதில் இல்லை.

ஆனா சங்கீதக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தோட பிருகாக்களில் ராஜரத்தினம் பிள்ளையோட வாசிப்பு தெரியும்னு விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்க. பாட்டைக் கேட்டுக் குழல் கற்றுக்கொண்ட காலம் போய், குழலைக் கேட்டுப் பாட்டு கற்றுக்கொண்டது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாதிரி மலைகள் அவருக்கு வாசிச்சிருக்காங்க.

1956 டிசம்பர் 12-ல் காலமானார். வயசு 58.

சபாக்கள் மாறிச்சான்னு கேட்டா, பாதிதான். மார்கழி சீசன் அட்டவணையை எடுத்துப் பாருங்க. தொடக்க நாளில் 'மங்கள இசை'ன்னு நாதஸ்வரம் இருக்கும். அரங்கம் நிறையற மாலை நேரத்துல தேடிப் பாருங்க, எத்தனை நாதஸ்வரம் இருக்குன்னு.

அவரோட தோடி இணையத்துல கிடைக்குது. 78 சுற்று இசைத்தட்டுன்னா ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான். ராத்திரி முழுக்க ஒரு ராகத்தை வாசிச்ச மனுஷன் அந்த மூணு நிமிஷத்துக்குள்ள என்ன பண்றார்னு கேளுங்க. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர்ல போடுங்க. கரகரப்பு இருக்கும், பரவாயில்லை.

அடுத்த எபிசோடில் அவரோட சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி குரலோட போட்டி போட்ட நாதஸ்வரம் அவருடையதுதான்.