கையைப் பார்க்காதே, பழத்தைப் பார்

எனக்கு முதலில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. அவர் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழம் பறித்தார். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். சில்வர் ஓக் நிழலில், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளையை வளைத்து மறு கையால் பறிக்க வேண்டும். ஒரே கொத்தில் சிவந்த பழமும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். பழம் மட்டும் கைக்கு வர வேண்டும். நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன்.

"கையப் பாக்காத கண்ணு, பழத்தப் பாரு. கை தானாப் போவும்" என்பார் அம்மா. அவர் விரல் ஒரு கொத்தில் இருக்கும்போதே கண் அடுத்த கொத்துக்குப் போயிருக்கும்.

பிறகு நான் வாலிபால் ஆடினேன், உடற்கல்வி ஆசிரியை ஆனேன். பயிற்சிக் காலத்தில், உடல் ஒரு திறனை எப்படிக் கற்கிறது என்பதை ஒரு தனிப் பாடமாகவே படித்தோம். அம்மா சொன்னது அதில் வேறு வார்த்தைகளில் இருந்தது. அம்மாவைப் போன்றவர்கள்தான் இல்லை.

இந்தப் பாடத்தின் வரலாறு விளையாட்டு மைதானத்தில் தொடங்கவில்லை, வேலைத்தளத்தில் தொடங்கியது. 1897இல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி அடிப்பவர்களை ஆராய்ந்தார்கள். புதிதாகக் கற்பவர் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார்; தேர்ந்தவர் சொல் சொல்லாக, தொடர் தொடராகக் கேட்கிறார். முன்னேற்றம் ஒரே சீராக ஏறுவதில்லை. நடுவில் நெடுநாள் ஒரே மட்டத்தில் நிற்கிறது, பிறகு மீண்டும் ஏறுகிறது. 1920களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பாதையில் இறங்கியது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுவிதமாக அசைந்தன. திறன் என்பது ஒரே அசைவை அப்படியே திருப்பிச் செய்வதல்ல, ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்று அவர் கண்டார்.

தந்தி அடிப்பவரின் கையும் சுத்தியல் பிடித்த கையும் அறிவியலுக்குள் வந்துவிட்டன. நான் படித்த பாடநூல் எதிலும் காப்பி பறிப்பவளின் கை இல்லை. ஏற்காட்டில் காப்பி வேரூன்றிய கதையைச் சொல்பவர்கள், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். அதைப் பறித்த பெண்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

1980களில் கனடாவின் ஃபிரான் அலார்டும் அவருடைய சகாக்களும் விளையாட்டு வீரர்களின் கண்ணை ஆராய்ந்தார்கள். கூடைப்பந்து ஆட்டக் காட்சியைச் சில நொடிகள் காட்டிவிட்டு, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டபோது ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆட்ட ஒழுங்கில்லாமல் ஆட்கள் நிற்கும் படத்தைக் காட்டியபோது அந்த மேன்மை மறைந்துவிட்டது. பிறவியிலேயே கூர்மையான கண் என்று எதுவும் அங்கே இல்லை. ஆடி ஆடி, எதைப் பார்க்க வேண்டும் என்று கற்ற கண்தான் இருந்தது. அம்மாவின் கண் இலைக்கூட்டத்துக்குள் சிவப்பைப் பிரித்தது இப்படித்தான். எஸ்டேட்டில் அதற்குச் சொன்ன பெயர், 'பொம்பளைங்க கைக்கு வர்ற வேலை'.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். மைதானம் நின்றுபோனது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது என் சர்வீஸ் வலையைத் தாண்டவில்லை. "பொண்ணுங்க எறியற மாதிரி அடிக்கிற" என்று சிரித்தார்கள். கற்றலில் ஒரே மட்டத்தில் நிற்கும் காலம் எல்லோருக்கும் உண்டு. பையனுக்கு அப்போது இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. பெண்ணை அந்த இடத்திலேயே வெளியே அழைத்துவிட்டு, அவளுக்குத் திறமை இல்லை என்று எழுதிவிடுகிறோம்.

அந்தச் சிரிப்புக்கான பதிலை வெகுநாள் கழித்துப் படித்தேன். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் வெளியிட்ட கட்டுரை, பெண்பிள்ளை எறிவது ஏன் அப்படி இருக்கிறது என்பதையே எடுத்துக்கொண்டது. காரணம் எலும்பில் இல்லை என்றார் அவர். பெண் தன் உடலால் ஒன்றைச் செய்யும்போதே, அந்த உடல் பிறரால் பார்க்கப்படுவதையும் சுமக்கிறாள். அதனால் முழு உடலையும் எறிதலுக்குள் போடாமல் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள்.

1998இல் கேப்ரியலே வுல்ஃபும் அவருடைய சகாக்களும் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம் உங்கள் பாதத்தைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களைக் கவனியுங்கள் என்றார்கள். இரண்டாம் குழு நன்றாகக் கற்றது. தன் உடலைக் கண்காணிக்கும்போது, தானாக ஓட வேண்டிய அசைவு தடுக்கப்படுகிறது என்பது அவர்கள் விளக்கம். அவர்கள் பேசியது ஆண் பெண் வேறுபாட்டைப் பற்றி அல்ல. ஆனால் யங்கையும் வுல்ஃபையும் சேர்த்து வைத்தபோது எனக்கு என் பதின்மூன்று வயது புரிந்தது. துப்பட்டா சரியா, டீ-ஷர்ட் ஏறுகிறதா, யார் பார்க்கிறார்கள் என்று எங்களுக்கு நாள்முழுக்கச் சொல்லித்தந்தது உடலைக் கவனிப்பதைத்தான். பந்தைக் கவனிக்க எங்களிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம்.

1976இன் சம ஊதியச் சட்டம் ஒரே வகையான வேலையை அளக்க மூன்று சொற்களை வைத்தது: திறன், உழைப்பு, பொறுப்பு. திறன் என்ற சொல் அங்கேயே இருந்தது. ஆனால் கற்றதையெல்லாம் இயல்பு என்று சொல்லிவிட்டால், அளக்க அங்கே என்ன மிஞ்சும்? அம்மா கற்றதை அவருடைய பிறவிக் குணமாக்கினார்கள். எனக்குக் கற்கக் கொடுக்காததை என் பிறவிக் குறையாக்கினார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான்.

இப்போது என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாரம் மூன்று நாள் மாலையில் மைதானம் உண்டு. அதை வாங்க இரண்டு வருடம் ஆனது. யாராவது வயதுக்கு வந்தால் நானே வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிவருகிறேன். பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரம். முதல் நாள் சர்வீஸ் போடும் பிள்ளைகள் தங்கள் கையையே பார்க்கிறார்கள். வலைக்கு அந்தப்பக்கம் பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் துணியைப் போட்டுவிட்டு, "கையப் பாக்காதீங்க, அதப் பாருங்க" என்கிறேன். இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். வுல்ஃபின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன்னால் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.